அவர் விழுங்கிய மாத்திரைகள்

மார்ச் 12, 2025
ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில் தேர்வுக் கண்காணிப்பு. ராஜபாளையம் வந்து சேர ஆறரை. அதற்குள் இவர் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். போன வருடம் பக்கவாதம் வந்து பிழைத்ததிலிருந்து தினம் ஒரு ஆஸ்பிரின். ரமலானில் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் கொண்டுபோய், கஞ்சி குடித்ததும் அங்கேயே போடுகிறாராம். யார் பார்த்தது?

மார்ச் 20
இவருக்கு வலது கை கொஞ்ச நேரம் மரத்துப்போனது.

"மாத்திரையை விட்டுட்டீங்க."

"இல்ல நூரு, ஒருநாகூட விடல. டாக்டரப் பாத்துட்டு வருவமா?"

முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்றேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளின் பொய்யைப் பிடிக்கிறவள், எனக்கா தெரியாது?

மார்ச் 31
பெருநாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கொழுந்தன் அன்சார் வீட்டில் விருந்து. அன்சாருக்கும் இதய அடைப்பு, அதே மாத்திரைதான். சாப்பாட்டு விரிப்பில் எல்லோர் முன்பும் சொன்னேன்: "உங்க அண்ணன் மாத்திரை போடாம பொய் சொல்லுதாக. நீங்களாவது ஒழுங்காப் போடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். இவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். இருக்கட்டும், அப்படியாவது உறைக்கட்டும்.

ஏப்ரல் 9
மறுபடியும் பக்கவாதம். வலது பக்கம் முழுவதும். பேச்சு போய்விட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

ஏப்ரல் 10
மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். இவர் கட்டிலில் கிடந்தபடி இடது கையை வேகமாக ஆட்டினார். கண்ணில் தண்ணீர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 17
ஒரு வாரமாக நர்ஸ் ஜாஸ்மின் தன் கையாலேயே ஆஸ்பிரின் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறாள். இன்று ரத்தம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 19
மாத்திரை வேலையே செய்யவில்லை.

டாக்டர் சொன்னார்: "ரத்தத்துல தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தடுக்கத்தான் ஆஸ்பிரின். சிலருக்கு அது சரியாத் தடுக்காது. பிறவியிலேயே உள்ள மரபணு வித்தியாசமும் ஒரு காரணமா இருக்கலாம். அவர் மேல தப்பில்லம்மா. கை மரத்தப்பவே வந்திருந்தா வேற மருந்து யோசிச்சிருக்கலாம்."

டாக்டரப் பாத்துட்டு வருவமா என்று கேட்டாரே.

பத்தாம் வகுப்புக்கு மரபணுப் பாடம் நடத்துகிறவள் நான். ஒரே மாத்திரை எல்லா உடம்பிலும் ஒன்றுபோல வேலை செய்யும் என்று எப்படி நினைத்தேன்? மாத்திரையை நம்பினேன், மனுசன நம்பல. யா அல்லாஹ்... வாய் இருந்தப்ப கேக்கலையே நான்.

ஏப்ரல் 27
அன்சார் வீட்டுக்குப் போனேன். பெருநாளன்று விரிப்பில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிடச் சொன்னேன். "உங்க அண்ணன் ஒரு மாத்திரைகூட விடல. நாந்தான் பழி போட்டேன்." அன்சார், "விடுங்க மைனி" என்றார். எப்படி விடுவது? இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவரையும் ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன்.

மே 6
அன்சாருக்கும் அதேதான். மருந்தை மாற்றிவிட்டார்கள். அவர் தப்பித்தார்.

மே 8
இவர் வீட்டுக்கு வந்து நாலு நாள். காலையில் புது மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். விழுங்கினார். பிறகு வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். நான் கேட்கவே இல்லை.

"நம்புறேன், மூடுங்க" என்றேன்.

நான் குனிந்து பார்க்கும்வரை மூடவில்லை.