சோடாக்கடையிலேயே மிதிக்கணும்

இன்று ஆயுத பூஜை. காலையில் பேத்தியின் மொபெட்டைக் கழுவிச் சந்தனம் வைத்து, அதன் முன்னால் ரோட்டில் தடியங்காய்ப் பூசணியை உடைத்தார்கள். குங்குமம் கலந்த அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பெருக்கித் தள்ள வாரியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அத்தே, கண்ணேறு கழிச்சதத் தொடக்கூடாதுல்லா!" என்று மருமகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அன்று நான் உங்களிடம் சொன்னதும் இதே சொல்தான்.

என்னைக் கட்டுவதற்கு முன்பே தம்பானூர் டாக்சி ஸ்டாண்டில் உங்களுக்கு 'ஆமை' என்று பெயர். மழை பெய்தால் முன்னால் போகிற பஸ்ஸுக்கும் உங்கள் டாக்சிக்கும் நடுவே ஒரு கல்யாண ஊர்வலமே போகலாம். என் அண்ணனை ரயிலேற்றப் போன நாள் நினைவிருக்கிறதா? வெயில் காலம் முடிந்து பெய்த முதல் மழை. அண்ணன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, டிரெயின் போயிரும் கேட்டோ" என்றான். "டிரெயின் நாளைக்கும் உண்டு மச்சான்" என்றீர்கள். பிறந்த வீட்டு ஆள் முன்னால் எனக்கு மானம் போனது. வீட்டுக்கு வந்ததும், "மாட்டுவண்டி ஓட்டினா இன்னும் நல்ல பேரு கிடைக்கும்" என்று குத்தினேன்.

நீங்கள் கோபப்படவில்லை. என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, சாலைக் கடைத்தெருவிலிருந்து நம் வீட்டை நோக்கி இறங்கும் சரிவைக் காட்டினீர்கள்.

"ஏட்டி, நீ கணக்குல கெட்டிக்காரில்லா, கேளு. ரோடு காஞ்சு கெடந்தா, அந்தக் குழாயடியில பிரேக்க மிதிச்சாப் போரும், வண்டி நம்ம வாசலுக்கு முன்னால நிக்கும். நனைஞ்சு கெடந்தா அதுக்கு மேல இருக்க சோடாக்கடையிலேயே மிதிக்கணும். புதுமழைன்னா அதுக்கும் முன்னாலே. ரோட்டுல கெடக்க எண்ணெ எல்லாம் மேல வந்துரும். உள்ளங்கை அகலத்துல நாலு ரப்பருதான் தரையப் புடிச்சிட்டு இருக்கு."

அஞ்சாம் கிளாஸோடு நின்றாலும் கணக்கில் நான்தான் முதல். புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

பிறகு அந்த ஆயுத பூஜை. கார் பளபளவென்று நின்றது. தெருவே பார்க்க வேண்டுமென்று, இருந்ததில் பெரிய தடியங்காயாக நானே வாங்கி வந்து உடைக்க வைத்தேன். சதை ரோடு முழுக்கச் சிதறியது. மேற்கே வானம் கறுத்திருந்தது.

"இத அள்ளிப் போடுட்டி. மழை வருது. எவனாவது வழுக்கி விழுவான்."

"கண்ணேறு கழிச்சத ஆராவது தொடுவாளா? உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

அள்ளிப் போட ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. சொன்னால் சொன்னதுதான் என்கிற என் வீம்பு. உள்ளே போய்ப் பொரிகடலையைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தேன். மழை சடசடவென்று பிடித்தது. நீங்கள் வாரியலை எடுத்துக்கொண்டு போனதைக்கூட நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்.

ஸ்கூட்டர் ஒரு பக்கம் கிடந்தது. அதை ஓட்டி வந்தவர் முழங்கால் கிழிந்து உட்கார்ந்திருந்தார். "கண்டதும் பிரேக் பிடிச்சு அம்மா, வண்டி நின்னில்ல, வண்டி நின்னில்ல" என்று பாதி மலையாளத்தில் அதையே சொல்லி அழுதார். குழாயடிக்கு வந்த பிறகுதான் உங்களைப் பார்த்தாராம். நீங்கள் ரோட்டோர ஓடைப் பக்கம் தலை சாய்ந்து கிடந்தீர்கள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. எது குங்குமம் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஸ்டாண்டுக்காரர்கள்தான் உங்கள் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். என் மடியில் உங்கள் தலை. "அவர ஏசிராத. நனைஞ்ச ரோடு" என்றீர்கள். என்னை ஏசியிருக்கலாம் நீங்கள். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது உங்களுக்கு மூச்சு இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் குழாயடியிலிருந்து வாசல் வரை நடந்து பார்த்தேன். நனைந்த ரோட்டுக்கு அந்தத் தூரம் போதாது. நீங்கள் சொன்ன கணக்கு சரிதான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நம் வீட்டுக் காய் மட்டுமல்ல, தெருவில் யார் உடைத்தாலும் நான்தான் அள்ளுகிறேன். கிழவிக்குக் கிறுக்கு என்கிறார்கள். இருக்கட்டும்.

பேத்தி பேங்கில் வேலை பார்க்கிறாள், தெரியுமா? அதைச் சொல்லாமல் என்னால் எந்தப் பேச்சையும் முடிக்க முடியாது. மொபெட் வாங்கிய அன்று அவளுக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

இன்று சாயங்காலம் சிநேகிதி வீட்டிலிருந்து அவள் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குழாய் இப்போது இல்லை. சோடாக்கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை. அங்கேயே வண்டியின் சத்தம் தணிந்தது. மெல்ல இறங்கி வந்து, நம் வாசலுக்கு ஓர் ஆள் இடம் மிச்சம் விட்டு நின்றாள்.

அந்த இடத்தில்தான் நீங்கள் வாரியலோடு குனிந்திருந்தீர்கள்.