எனக்கும் சேர்த்து நீ சொல்லு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். வார்டில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. வாங்க வேண்டியவை: பிளாஸ்க், துண்டு, அவருக்கு ஒரு கைலி.

அவர் கால்களில் இன்றும் உணர்வில்லை. சனிக்கிழமை சங்கு குளிக்கக் கடலுக்கடியில் இருந்தபோது படகில் கம்ப்ரசர் நின்று, குழாயில் காற்று வராமல், ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளுமாம். நடப்பாரா என்று கேட்டேன். டாக்டர்: "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

சாயங்காலம் செபமாலை தொடங்கினார். முதல் பாதி அவர், மறுபாதி நான். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். இன்று எனக்கு வாய் திறக்கவில்லை. மறுபாதியையும் அவரே சொல்லி முடித்தார்.

மார்ச் 5, சாம்பல் புதன்

சாமியார் வார்டுக்கே வந்து சாம்பல் பூசினார். இவர் நெற்றியைக் காட்டினார். நான் பிளாஸ்க் கழுவப் போய்விட்டேன்.

மாமி போனில்: "ஏளா ஜெனிட்டா, ஆண்டவர் சோதிக்காரு. தாங்கிக்கிடணும்."

எதற்குச் சோதிக்க வேண்டும்? சிலுவை போடாமல் ஒருநாள்கூட தண்ணீரில் இறங்காத மகன்தானே மாமிக்கு? போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆக்சிஜன் அறைக்குள் தினமும் சிகிச்சை. மாற்றம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் பைக்கிலிருந்து விழுந்த பையன். அவன் அம்மா, காயல்பட்டினம். "ஒங்க வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான் துஆ கேக்கேன்" என்றார். வெட்கமாகப் போயிற்று. நானே அவருக்காக வேண்டவில்லையே.

செபமாலை எடுத்தவரிடம் சொல்லிவிட்டேன்: "எனக்கு நம்பிக்கை வரல. சும்மா வாயால சொல்ல முடியாது."

திட்டுவார் என்று நினைத்தேன். "வராட்டிப் போவுது. பக்கத்துல உக்காரு. நான் சொல்லுதேன்."

உட்கார்ந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

கால் சரியானாலும் இனி சங்கு குளிக்கவே கூடாதாம். டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலை இட்லி அப்படியே காய்ந்தது. மத்தியானமும் ஒன்றுமில்லை.

சாயங்காலம் கையில் செபமாலை, உதடு அசையவில்லை. பார்த்தால் அழுகிறார். இவர் அழுது நான் கண்டதே இல்லை.

"இன்னைக்கு எனக்கு முடியலளா. எனக்கும் சேத்து நீ சொல்லு."

வாங்கினேன். நம்பிக்கை வந்துவிட்டதா, தெரியாது. அவரை அப்படியே விட முடியவில்லை. முதல் பாதியும் நான், மறுபாதியும் நான். முடிக்கும்போது, இறுகிக் கிடந்த நெஞ்சு கொஞ்சம் இளகியிருந்தது. கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தையும் ஆண்டவரிடமே சொல்லலாம் என்று பட்டது. சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

மழை! பங்குனிகூடப் பிறக்கவில்லை, இப்படி ஒரு மழை. மாடியில் போட்ட துணியெல்லாம் போச்சு.

ஈரத்துணியால் அவருக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எப்போதும் போல எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"ஏளா, குளுருது."

ஜன்னலைச் சாத்த எழுந்தேன். "ஜன்னல் இல்ல. கால்ல. துணி குளுருது."

மறுகாலில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். "அங்கனயும் லேசா."

நர்சைத் தேடி வெறுங்காலோடு ஓடினேன். காயல்பட்டினத்து அம்மா அழுது, நானும் அழுது, வார்டே வேடிக்கை பார்த்தது.

மார்ச் 16, ஞாயிறு

முதல் பூசைக்குப் போனேன். கடைசி பெஞ்ச். கேட்க ஒன்றும் தோன்றவில்லை, சும்மா இருந்தேன். அது போதுமாக இருந்தது.

வரும்போது மாமி வைத்த சீலா மீன் குழம்பு கொண்டுவந்தேன். அவர் இரண்டு தடவை சோறு கேட்டார். அப்புறம் வாக்கரைப் பிடித்து எழுந்தார். நேற்றுவரை ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று கையைத் தட்டிவிட்டார். இழுத்து இழுத்து, பாத்ரூம் வரைக்கும். நான் பின்னாலேயே.

"உள்ளயும் வருவியாளா? கதவச் சாத்து!"

சாத்தினேன். அந்தக் கதவிலேயே சாய்ந்து, ஆண்டவரே ஆண்டவரே என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நர்ஸ் பதறிக்கொண்டு வந்தார், என்னாச்சு, ஏன் அழுகிறீர்கள் என்று.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். தனியாப் போயிருக்காவ."