தண்ணீர்மலைப் படி ஏறாதவள்

ஞாயிறு, இரவு

நீயே சொல் முருகா, உன் படிக்கட்டைப் பார்த்து வேண்டாம் என்பவள் ஒரு மனுஷியா? நாத்தனார் ஈப்போவிலிருந்து வந்ததே அவள் மகனுக்கு என் மகளைப் பேசி முடிக்கத்தான். பினாங்கு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். பத்து பெரிங்கி கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் ஓடினாள். பூந்தோட்டத்தில் குரங்கோடு நின்று நாற்பது போட்டோ. உன் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் மட்டும் கால் நகரவில்லை. வெள்ளைக்காரன்கூட அரைக்கால் சட்டையோடு ஏறுகிறான்.

"நீங்க போய்ட்டு வாங்க அண்ணி, நான் கீழயே இருக்கேன்."

"பீச்சுல ஓடுன காலு, சாமிக்குன்னா மட்டும் வலிக்குதா? இந்த மாதிரி வீட்டுக்கு எம்மகள குடுக்க முடியாதுலா."

மத்தியான பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். போகட்டும். படத்துக்குச் சிரிக்கத் தெரிந்தவளுக்குக் கும்பிடத் தெரியவில்லை.

துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள்தான் ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறமாட்டார்கள். இவளுக்கு என்ன வந்தது என்று எழுத வந்தேன். பேனா நின்றுவிட்டது. கல்யாணம் பேச வந்த இடத்தில் சாவை எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? அவள் மாமியார் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. பதினாறாம் நாளுக்கு நானே ஈப்போ போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.