பெல்ட் ஓகே சார்

12.3.2014, புதன்

சுரங்கத்தில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் தூங்கிவிட்டான் என்று கான்ட்ராக்ட் ஆள் முருகனின் கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். வடக்கிலிருந்து வந்திருக்கும், தமிழ் தெரியாத புது அதிகாரியிடம் அவனுக்காகப் பேசப் போனேன். குழந்தையோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்விழித்தவன் என்று சொல்ல வேண்டும். வாயில் வந்ததோ, இருபது வருடமாக ஷிப்ட் முடிவில் ஒப்பிக்கும் அதே இங்கிலீஷ்: "பெல்ட் ஓகே சார், நோ ப்ராப்ளம் சார்." மறுபடி முயன்றேன். மறுபடியும் அதுவேதான். நிலக்கரியோடு வரும் பழைய மரத்துண்டில் ஆண்டு வளையமெல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் துளிர்க்காது. என் இங்கிலீஷும் அப்படித்தான். அதிகாரி "குட்" என்று சொல்லி, முருகனை நீக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்காக நின்னுகினு இங்கிலீஷ்ல பேசினீங்களேண்ணே, அது போதும்ங்க."

என்ன பேசினேன் என்று அவன் கேட்கவில்லை.