மதுரைக்கு ஒரு மணி நேரம்

விமானத்தில் கொடுத்த பஞ்சு, இன்று சேலையை உதறியபோது முந்தானை முடிச்சிலிருந்து விழுந்தது. காதில் வைக்காமல் முடிந்து வைத்திருந்தேன். இதே மாதிரிப் பஞ்சைத்தானே, தங்கச்சி, நீ முதன்முதலாக மெட்ராஸிலிருந்து விமானத்தில் வந்தபோது அம்மாவுக்குக் கொண்டுவந்தாய்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் தெருவே கூடியிருந்தது. "ஒரு மணி நேரம்தான்! கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள மதுரை வந்துட்டு," என்றாய். அம்மா பஞ்சைக் காதில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் பறக்கலையே, ஏட்டி." எல்லோரும் சிரித்தார்கள்.

"மதுரையிலேருந்து எப்படி வந்தே?" என்று நான்தான் கேட்டேன்.

"அதெல்லாம் ஒரு கணக்காக்கா?" என்று கையை வீசினாய். பஸ்ஸில் நின்றே வந்து உன் கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்த எனக்குத்தான் அது தெரியும். ஊர் மனசில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் பதிந்துவிட்டது. பெரியப்பா மனசிலும்.

அம்மா இறந்த அன்று காலையில் பஜார் கடையிலிருந்து உனக்கு டிரங்கால் போட்டோம். "பிளேன்ல வாரேன். நான் வராம எடுத்துராதீங்க," என்று அழுதாய். மத்தியானம் தாண்டியதும் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு மணி நேரத்துல வாரவ இன்னும் எங்க இருக்கா? அவளுக்கு வார எண்ணமில்ல. தூக்குங்கப்பா."

"செத்த பொறுங்க பெரியப்பா. மதுரையிலேருந்து ரோட்டுல வரணும்லா," என்று பாடைக்குக் குறுக்கே நின்றேன்.

"கட்டிக் கொடுத்தவளுக்கு இங்க என்ன பேச்சு? ஒதுங்குட்டி."

பிடித்து இழுத்துவிட்டார்கள். பெண்கள் நமக்குச் சுடுகாடு போகிற வழக்கம் ஏது? வாசலோடு சரி.

அந்நேரம் நீ திருமங்கலத்தில் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்திருக்கிறாய். சாயங்காலம் கார் வந்தபோது வீடு கழுவி, வாசல் ஈரமாயிருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது. கையில் மாலையோடு, "நீ கூடவா அக்கா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் காரில் ஏறிவிட்டாய்.

பொறவு நீ ஊர்ப்பக்கமே வரவில்லை. எனக்கும் ரோசம். கேட்டவள் பதிலையும் கேட்டுவிட்டல்லவா போயிருக்க வேண்டும்? ராஜபாளையத்தில் நான், மெட்ராஸில் நீ. பெரியப்பா செத்ததற்கும் நான் அந்தப் படி மிதிக்கவில்லை. அதை உனக்கு யாராவது சொன்னார்களா?

போன மாதம் உன் மகன் போன் செய்தான். மறுநாள் பிளேன்தான் கிடைத்தது. மதுரைக்குப் போகிற வழியில் கிருஷ்ணன்கோவில் தாண்டும்போதே, இந்நேரம் எடுத்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் வந்தேன். உன் வீட்டு வாசல் காய்ந்து கிடந்தது.

"எங்க அக்கா வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் சரின்னு அம்மா ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க, பெரியம்மா," என்றான் உன் மகன்.

உன் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, அன்று நான் அம்மாவின் பாடைக்குக் குறுக்கே நின்றதைக் குனிந்து சொன்னேன். சுற்றி நின்றவர்கள் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

இப்போதெல்லாம் காலையில் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தால், அந்த ஈரத்தில் மாலையோடு நிற்கிறாய். "நீ கூடவா அக்கா?"

இல்லடி என்கிறேன். மறுநாளும் தெளிக்கிறேன். மறுநாளும் கேட்கிறாய்.