வேன் மாமாவின் ஃபீல்டு

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் வேனைத் திருப்பும்போது இடது பக்கக் கண்ணாடி கோல் கம்பத்தில் பட்டு நொறுங்கியது. கம்பம் சாய்ந்து நின்றிருக்கிறது. நானாக இருக்கப்போய் கண்ணாடியோடு போயிற்று. வேறொருவன் கையில் ஸ்டீயரிங் இருந்திருந்தால் வேனும் கம்பமும் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். நல்லவேளை, உள்ளே குழந்தைகள் இல்லை. நான் பிரேக் போட்ட வேகத்தைப் பார்த்து வாட்ச்மேன் வாயைப் பிளந்துவிட்டார்.

பிளந்த வாயை மூடாமல் ஒன்று சொன்னார். "அண்ணே, நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து அந்தக் கம்பம் அங்கதான் நிக்குது. நேராத்தான் நிக்குது."

அவருக்கு என்ன தெரியும்? இந்த ஃபீல்டில் எனக்கு இருபத்தாறு வருஷம்.

மார்ச் 6, வியாழன்

லைசென்ஸ் புதுப்பிக்கும் வருஷம். அக்கா மகள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் வந்து, கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாள்.

"மாமா, படிப்பு என்ன போட?"

"காலியா விடு. வேனுக்குள்ள நான் பாடமா நடத்தப்போறேன்?"

"காலியா விட்டா அந்த ஃபீல்டு சிவப்பாயிடும். அடுத்த பக்கம் போக விடாது."

கட்டத்துக்குப் பெயர் ஃபீல்டாம்! ஃபீல்டு என்றால் வயல் என்று எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அத்தோடு நான் படித்து முடித்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் பந்து உதைக்கிற இடமும் ஃபீல்டு. சின்ன மச்சான் மருந்து விற்கப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் 'ஃபீல்டுல இருக்கார்'. நடிக்கப் போய்த் திரும்பி வந்த எதிர்வீட்டுக்காரர் 'ஃபீல்டு அவுட்'. நேற்று வேனில் ஒரு ஏழாம் வகுப்புப் பெண், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் பூப்போல வரிசை கட்டி நிற்கும் படத்தைக் காட்டினாள். அதுவும் ஃபீல்டாம். ஒரே வயலை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எத்தனை போகம் எடுத்திருக்கிறான்!

"கண்ணுல ஏதாவது கோளாறு உண்டான்னு கேக்குது மாமா."

"இல்லைன்னு போடு. கழுகுக் கண்ணுன்னு ஒரு ஃபீல்டு இருந்தா அதையும் நிரப்பு."

சிரித்தாள். ஆனால் டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் முடியாதாம்.

மார்ச் 11, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். டாக்டரம்மா எழுந்து கை தட்டாத குறை. (கடைசி வரி இல்லை. அதற்கு மேல் வரி.) ஆனாலும் கண்ணில் பிரஷர் கூடுதல், ஃபீல்டு டெஸ்ட் எடுக்கணும் என்றார்.

"எந்த கிரவுண்டுக்கு வரணும் டாக்டர்?" என்று கேட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

டெஸ்ட் எடுக்கும் பெண் சொன்னாள்: "கண்ணை அசைக்காம நேரா பாருங்க ஐயா. அப்படிப் பார்க்கும்போது சுத்தி எவ்வளவு தூரம் தெரியுதோ, அதுதான் உங்க ஃபீல்டு."

இன்னொரு போகம்!

பெரிய வெள்ளைச் சட்டியைக் கவிழ்த்தாற்போல ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுப்புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். எங்காவது வெளிச்சப் பொட்டு வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் ஹாரன் அடித்த கட்டைவிரல் இது. விளாசித் தள்ளிவிட்டேன். நூற்றுக்கு நூறு இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

ரிப்போர்ட் செல்லாதாம்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "லைட்டே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க ஐயா. மெஷின் நடுநடுவுல சத்தம் மட்டும் போடும், லைட் போடாது. யாரு பார்த்து அமுக்கறாங்க, யாரு சும்மா அமுக்கறாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுடும்."

மறுபடி 20ஆம் தேதி வரச் சொன்னார்கள். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரியிடம், "என் கண்ணோட பவர் தாங்காம மெஷின் மக்கர் பண்ணிடுச்சு" என்றேன். "அடேயப்பா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை எப்படி ஓட்டாமல் இருப்பது? முப்பத்திரண்டு குழந்தைகள் ரோட்டில் நிற்கும். நான் இல்லாமல் அந்த வேன் நகராது.

மார்ச் 17, திங்கள்

மூன்றாவது ஸ்டாப்பில் நான் போட்ட பிரேக் இருக்கிறதே, அதை ஒரு

இல்லை.

மூணாவது ஸ்டாப். சாயங்காலம். யூகேஜி குழந்தை இறங்கிப் போயிடுச்சுன்னு நினைச்சேன். கண்ணாடி பார்த்தேன், ரோடு பார்த்தேன், ஒண்ணுமே இல்ல. சத்தியமா ஒண்ணுமே இல்ல, வெறும் ரோடு. எடுத்தேன். குழந்தைகளை ஏத்தி இறக்குற ஆயாம்மா "நிறுத்துங்க"ன்னு அலறுச்சு. நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பார்த்தா முன் சக்கரத்துக்கு அடியில தண்ணி பாட்டில். குழந்தை பக்கத்துல குந்தியிருக்கு. உருண்ட பாட்டிலை எடுக்கக் குனிஞ்சிருக்கு. கைக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்.

பாட்டில் மட்டும்தான். பாட்டில் மட்டும்தான்.

"மாமா, பாட்டில் செத்துப்போச்சு" என்றது என்னைப் பார்த்து.

ஆயாம்மா குழந்தையைக் கொண்டுபோய் வீட்டில் விட்டு, பாட்டில் கை தவறி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தது. "நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்காதீங்கண்ணே. ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்றது.

மார்ச் 18, செவ்வாய்

காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 20, வியாழன்

மறுபடி சட்டிக்குள் முகம்.

இந்த முறை தெரிந்தால் மட்டும் அமுக்குவது என்று உட்கார்ந்தேன். மெஷின் டிக் டிக் என்றுகொண்டே இருக்கிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. கட்டைவிரல் துடிக்கிறது. அமுக்கவில்லை. எத்தனை நேரம் ஒரு மனுஷன் அமுக்காமல் உட்கார்ந்திருப்பது? பக்கத்தில் அந்தப் பெண்ணின் மூச்சு கேட்கிறது. மெஷின் பழுதாகியிருக்குமோ என்றுகூட நினைத்தேன். பழுதாகியிருந்தால் தேவலையே என்றும் நினைத்தேன்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இடது கண்ணில் ஓரமெல்லாம் கறுப்பு. நடுவில் ஒரு வட்டம் மிச்சம். வலது கண்ணில் மூக்குப் பக்கம் கறுப்பு. இரண்டையும் சேர்த்தால் இடது பக்கம் எனக்கு இல்லை. நரம்பு தேய்ந்துவிட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வண்டி இனி கிடையாது.

"எனக்குக் கறுப்பா எதுவுமே தெரியலையே டாக்டர்? எல்லாம் முழுசாத்தானே தெரியுது?"

"கறுப்பாத் தெரியாதுங்க. கண் பார்க்காத இடத்தை மூளை தானா எதையாவது போட்டு நிரப்பிக்கும். ரோடு இருந்தா ரோடு, சுவர் இருந்தா சுவர்."

என் மூளையும் என்னை மாதிரிதான்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். இரண்டு மூன்று வருஷம் இருக்கலாமாம். முப்பத்திரண்டு குழந்தைகள், தினம் இரண்டு நடை. பெருக்கிப் பார்க்க ஆரம்பித்தேன், முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுக்காரியிடம் கோல் கம்பத்திலிருந்து பாட்டில் வரைக்கும் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், "அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பிரின்சிபாலிடம் சாவியைக் கொடுத்தேன். ஆயாம்மா கத்தியதால்தான் குழந்தை பிழைத்தது, அதன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றேன். சரி என்றார். பிறகு, "ஒண்ணும் ஆகலையே, பெத்தவங்க காதுக்குப் போக வேண்டாம்" என்றார். நான் தலையாட்டவில்லை.

குழந்தையின் அம்மா மாவு ஒட்டிய கையோடு கதவைத் திறந்தாள். முகம் மலர்ந்தது. "வாங்க மாமா, உடம்பு சரியில்லேன்னாங்களே?" என்றாள். சொல்லச் சொல்ல அந்த முகம் வேறாகிக்கொண்டே போனது.

"எவ்வளவு தூரத்துல?" என்றாள்.

ஒரு முழம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"ஒரு சாண்."

உள்ளே குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொன்ன பிறகா ஓட்டினீங்க?"

"ஆமா."

"போங்க" என்றாள். கதவைச் சாத்தினாள். கதவில் மாவுக் கை பதிந்திருந்தது.

மார்ச் 27, வியாழன்

வேனுக்குப் புது டிரைவர் வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், ஆஸ்பத்திரி வண்டி ஓட்டியவராம். நான் இல்லாமல் வேன் நகர்கிறது.

சொட்டு மருந்து காலை ஒன்று, மாலை ஒன்று. எரிகிறது.

அந்தக் குழந்தை வேனில் வருவதில்லை என்று ஆயாம்மா சொன்னது. அம்மாவே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறாளாம். பள்ளி முடிகிற நேரத்துக்கு வேலையிலிருந்து பாதியில் ஓடி வருகிறாளாம்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் பால் வாங்கப் போனவன் அப்படியே நடந்து மூன்றாவது ஸ்டாப்பு வரைக்கும் போனேன். எதிர்ப்பக்கம் நின்றேன். தலையை முழுசாக இடது பக்கம் திருப்பிப் பார்த்தேன். வேன் வந்து நின்றது. புது டிரைவர் இறங்கி, முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்தார். அந்த அம்மா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரிடம் என்னவோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். கையை விட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், "பால் வாங்க இவ்வளவு நேரமா? வழியில என்ன நடந்துச்சு?" என்று வீட்டுக்காரி கேட்டாள். கதை கேட்கத் தோதாக உட்கார்ந்துகொண்டாள்.

"குழந்தை வேன்ல ஏறிடுச்சு" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."