நான் இல்லாதபோது பாடுகிறாள்

ஜூலை 3, 2025. குன்னத்துகால்

காலை 7.10. மனைவி சரோஜத்துக்கு பிரஷர் 152/94. பக்கவாதம் வந்து இன்று நாற்பத்தாறாவது நாள். வலது கை அசையவில்லை. பேச்சில் மிஞ்சியிருப்பது ஒரே சொல்: இல்ல. சாயா வேணுமா? இல்ல. வேண்டாமா? இல்ல. சாயாவை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறேன்.

கடைக்குப் போய்த் திரும்பப் பதினொரு நிமிடம். அதற்குமேல் இவளைத் தனியாக விட முடியாது.

ஜூலை 4

பேச்சுப் பயிற்சி கொடுக்க நெய்யாற்றின்கரையிலிருந்து பிரசீதா வந்தாள். வாரம் இரண்டு நாள் வருகிறாள். "சாறே, பேச்சு போனவங்களுக்கும் பாட்டு போகாது. அதுக்கு மூளையில வேற வழி உண்டு. அம்மைக்கு இஷ்டமான பாட்டு போடுங்க. முதல் ஆறு மாசம் ஆக்கும் முக்கியம்."

ஜூலை 6

விடியற்காலையில் கோயில் மைக்கில் கேட்கும் தேவி பாட்டுகளைப் போட்டேன். வீட்டில் எல்லா நாளும் கேட்டவைதானே. அரை மணி நேரம் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். முன்பு 150/92. பின்பு 158/96.

ஜூலை 8

பிரசீதா கேட்டாள்: "பதினஞ்சு வயசுக்கு முன்ன அம்மை பாடின பாட்டு எது?"

தெரியாது என்றேன்.

"நல்ல பத்திரிகைக்காரரு. ஊரு முழுக்க கேள்வி கேட்டாச்சு, வீட்டுல கேக்கல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். கல்யாணமாகி முப்பத்தேழு வருடம். உண்மையிலேயே தெரியாது.

ஜூலை 9

பொழியூருக்கு, அவள் தங்கை ரீத்தாவுக்கு, போன் செய்தேன். ஞாயிறு வருகிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

ரீத்தா வாசலிலேயே கூப்பிட்டாள்: "திரேசாக்கா, நான் வந்திருக்கேன்." கல்யாணத்தின்போது சரோஜம் என்று மாற்றும் முன் இருந்த பெயர். இந்த வீட்டில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. படுக்கையில் தலை திரும்பியது.

உடுப்பு மாற்ற ரீத்தா கதவைச் சாத்தினாள். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ரீத்தா பாடுவது கேட்டது. தேவாலயத் திருநாளில் கடற்கரையில் பாடும் மாதா பாட்டு. இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்தது. கரகரப்பான குரல், ஆனால் சொற்கள் முழுசாக இருந்தன. கடற்கரை, படகு, அம்மா – ஒவ்வொன்றும் தெளிவாக.

கதவைத் திறந்தேன். நின்றுவிட்டது.

பிரஷர் 134/82. இரண்டு தடவை பார்த்தேன்.

கிளம்பும்போது ரீத்தா சொன்னாள்: "அத்தானுக்கு ஓர்மையில்லியா? கெட்டின புதுசுல அக்கா அடுக்களையில நிண்ணு இதைத்தான் பாடினா. இந்த வீட்டுல இது வேண்டாம்ணு சொன்னது ஆரு?"

என் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 14

நான்தான் சொன்னேன்.

அன்று அம்மா முன்னறையில் இருந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். அம்மா அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னது. சரோஜம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அதன்பின் பாடவில்லை. அவளுக்குப் பாட்டில் விருப்பமில்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 15

ரீத்தா பாட்டைப் பதிந்து போனில் அனுப்பியிருந்தாள். தலைமாட்டில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். நான்கு நிமிடத்தில் கூடப் பாடத் தொடங்கினாள். உள்ளே வந்தேன், நிறுத்தினாள். மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. பிரசீதாவே இருந்து குறித்துத் தந்தாள். நான் வெளியே: 136/84. நான் உள்ளே: 156/92.

"பாடு, எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை" என்றேன்.

"இல்ல."

இது எந்த இல்ல?

ஜூலை 16

நான் எங்கே போய் நிக்கது? எனக்க வீடுதானே இது. அறைக்குள்ளே போனா அவளுக்கு மூச்சு முட்டுது, வெளியே நிண்ணா எனக்கு. சோறு ஊட்ட நான் வேணும், துணி மாத்த நான் வேணும். பாட மட்டும் நான் ஆகாது.

ஜூலை 18

கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் தாளம் தட்டவைத்து, அந்தப் பாட்டின் மெட்டிலேயே சின்ன வாக்கியங்களைப் பாடப் பழக்கினாள் பிரசீதா. வெளியே வந்து சொன்னாள்: "குடிக்க வெள்ளம் தா எண்ணு பாடினா சாறே. பெறவு நான் சொல்லிக் கொடுக்காம ஒண்ணு பாடினா." தயங்கினாள். "ரீத்தாக்க கூட போணும்."

ஜூலை 19

அனுப்பக் கூடாது என்பதற்குக் காரணங்களை எழுதிப் பார்த்தேன். கடலேற்றம், ரீத்தா வீட்டுக்கு முன்னால் இரண்டு வரிசை வீடுகள்தான் மிச்சம். ஆஸ்பத்திரி தூரம். பிரசீதா அங்கே வாரம் ஒருநாள்தான் வரமுடியும். ஊர் என்ன சொல்லும். நாலாவதை அடித்தேன். மற்ற மூன்றும் சரிதான். இருந்தாலும் பிரஷர் எழுதிய தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஜூலை 21

பொழியூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வண்டியில் ஒரு தடவையும் என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2

வீட்டில் சத்தமே இல்லை. கடைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போகலாம். போகவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான் ரீத்தா வீட்டு முற்றத்தில் கால் வைத்ததும் உள்ளே பாட்டு நின்றது. ரீத்தாவின் கணவன் புஷ்பராஜ் வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னான்: "அத்தானே, போலீசு வந்ததுபோலல்லா இருக்கு."

வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுத் தந்தான். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்தத் தடவை வாசற்படியில் நின்றேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் தொடையில் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"திரேசா, அன்றைக்கு அடுக்களையில் நான் சொன்னது தப்பு" என்றேன். பயணம் முழுக்க யோசித்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் வரவில்லை.

நிறுத்தினாள். நெடுநேரம் பார்த்தாள். நான் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து பாடினாள்.